காற்றுப் புகாத ஜாடிகள்

மனித நாகரிகம் நெருப்பைக் கண்டுபிடித்த நாளில் தொடங்கவில்லை. விளைந்த பொருளைக் கெட்டுப்போகாமல் நாளைக்கென்று எடுத்துவைக்கக் கற்றுக்கொண்ட நாளில்தான் தொடங்கியது. அரசுகள் எழுந்ததும் படைகள் நடந்ததும் கப்பல்கள் கடல் தாண்டியதும் அதற்குப் பிறகுதான்.

இதைச் சொன்னவர் கே.ஜி.கண்டிகை ஊர்க்காரர் சாமிநாதன். சொன்ன இடம் திருத்தணிக் கடைத்தெருவில் ஒரு பாத்திரக் கடை. கேட்டுக்கொண்டிருந்தவர் கடைக்காரர் வேணு.

"ஜாடி வாங்கிறியா, இல்ல வெயிலுக்கு ஒதுங்கிகினு கீறியா அண்ணாத்த?" என்றார் வேணு.

சாமிநாதன் இந்த மாதிரிக் கேள்விகளுக்குப் பதில் சொல்வதில்லை. விசைத்தறிக் கொட்டகையில் மாஸ்டராக இருந்தவர். கொட்டகை மூடி, தறிகளை எடைக்குப் போட்டுவிட்டார்கள். ஆனால் நெசவாளர் நலச் சங்கத்தின் துணைத்தலைவர் பதவி அவரிடமே இருந்தது. தலைவர் காலமாகிவிட்டார், செயலாளர் மகனோடு பெங்களூருக்குப் போய்விட்டார், சங்கம் கூடுவதில்லை. துணைத்தலைவர் மட்டும் விடாமல் துணைத்தலைவராக இருந்தார்.

அவர் கையில் இருந்தது ஒரு கண்ணாடி ஜாடி. மூடியின் ஓரத்தில் சிவப்பு ரப்பர் வளையம். பக்கத்தில் கம்பிக் கொக்கி. கொக்கியை அழுத்தினால் 'டக்' என்று பூட்டிக்கொண்டது. அந்த 'டக்' அவருக்குப் பிடித்துப்போயிற்று. இன்னும் ஒருமுறை அழுத்தினார்.

"வாய் சின்னதா கீதே. கை உள்ள போவாதே, எப்பிடிக் கழுவறது?" என்றாள் அவர் மனைவி பத்மா. அவள் ஓரமாக, அகலவாய் பாட்டில் ஒன்றைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கை உள்ள போகவே கூடாது. அதுதான் இதனோட தத்துவம்."

"பீங்கான் ஜாடியே வாங்கிக்கலாம். வாய்க்குத் துணி கட்டினா ஆச்சி."

"துணியில காத்து பூரும். காத்துல கிருமி பூரும். இது காத்துப் புகாத ஜாடி. உள்ள போனது போனதுதான். சம்பந்தி அம்மா வந்து பாக்கச்சொல்லோ வெளிய இருந்தே கலர் தெரியணும். பீங்கான்ல இன்னா தெரியும்?"

சம்பந்தி என்ற சொல் வந்ததும் பத்மா பாட்டிலை வைத்துவிட்டாள். நான்கு ஜாடிகள் வாங்கினார்கள். வேணு அவற்றைப் பழைய பேப்பரில் சுற்றிக் கட்டினார்.

"இன்னா போடப் போறீங்கம்மா இதுல?"

"தக்காளித் தொக்குங்க."

"உப்பு தூக்கலா போடுங்க," என்றார் வேணு, எல்லோரிடமும் சொல்வதைப் போல.

*

விஷயம் இதுதான். இவர்களுடைய ஒரே மகள் தேவிப்பிரியாவை ஆந்திர எல்லை தாண்டி நகரியில் கொடுத்திருந்தது. மாப்பிள்ளை நவீன்குமார் லோடு ஆட்டோ ஓட்டுகிறான். அவன் அம்மா கௌரியம்மாள் ஆவக்காய் ஊறுகாய் போடுவதில் பேர்பெற்றவள், அல்லது பேர்பெற்றவள் என்று அவளே சொல்லி எல்லோருக்கும் பழக்கியிருந்தாள். போன ஐப்பசி மழையில் அவள் வீட்டு ஜாடியில் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்தது. வருஷத்துக்கு என்று போட்ட ஊறுகாய் முழுவதும் குப்பைக்குப் போயிற்று. அதற்கு முந்தின நாள் புருஷனுக்குச் சோறு கட்டுவதற்காக ஜாடியைத் திறந்தவள் தேவிப்பிரியா.

"அந்த மூணு நாள்ல தொட்டியா?" என்று கேட்டாள் மாமியார்.

"இல்ல அத்த."

"அப்ப உன் கையே அப்பிடித்தான்."

ஒரு வாரம் அம்மா வீட்டில் இருந்துவிட்டு வரட்டும் என்று கொண்டுவந்து விட்டார்கள். கார்த்திகை போயிற்று, தை போயிற்று, சித்திரை போயிற்று. நவீன்குமார் முதலில் தினமும் போன் செய்தான். பிறகு சாப்பிட்டியா என்று மட்டும் கேட்டான். பிறகு, அதற்கும் அவள்தான் போன் செய்ய வேண்டியிருந்தது. தெருவில் யார் வீட்டிலாவது ஊறுகாய் போட்டால் தேவிப்பிரியாவைக் கண்டதும் ஜாடியை உள்ளே எடுத்துவைத்தார்கள். மரியாதையாகத்தான். சிரித்துக்கொண்டேதான்.

ஆனி பிறந்ததும் கௌரியம்மாளிடமிருந்து போனில் ஒரு வழி வந்தது. பத்மாவை அண்ணி என்பதற்குத் தெலுங்கில் வதினா என்றுதான் கூப்பிடுவாள். "உங்க தோட்டத்துக் காய, அவ கையாலயே போடட்டும் வதினா. வேற யாரும் கை வெக்கக் கூடாது. ஆடிக் கிருத்திகைக்கு மல ஏற வருவோம். அது வரைக்கும் கெடாம நின்னா, அன்னிக்கே கையோட இட்டுகினு போறேன். எனக்கு மட்டும் ஆசையா இன்னா?"

பத்மா போனை வைத்துவிட்டு நேராகப் பின்கட்டுக்குப் போனாள். கிணற்றடியில் தக்காளிச் செடிகள் நின்றன. பூவும் பிஞ்சுமாக இருந்தன. அன்றிலிருந்து அவள் செடிகளோடு பேச ஆரம்பித்தாள். நூலைத் தாரில் சுற்றும் வேலைக்குப் பக்கத்துத் தறிக்கொட்டகைக்குப் போகுமுன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை. புழு பொறுக்கினாள். வெயிலுக்குப் பழைய புடவையைப் பந்தல் கட்டினாள். காற்றுக் காலம் வேறு. மலைப்பக்கமிருந்து செம்மண்ணை வாரிக்கொண்டு வந்து இலைமேல் போட்டது. ஒவ்வொரு இலையாகத் துடைத்தாள்.

"செடிக்கு இவ்ளோ செய்யிறியே, எனக்கு முதுகு வலிக்குதுன்னா திரும்பிப் பாக்க மாட்டேன்ற," என்றார் சாமிநாதன்.

"நீங்க காய்ச்சீங்கன்னா உங்களையும் துடைக்கறன்."

*

பழம் சிவந்தது. நல்ல சிவப்பு, நல்ல கனம். அடுப்பு மூட்டும் நாளுக்கு முந்தின சாயங்காலம் சாமிநாதன் வீட்டாரைக் கூட்டி வைத்து அறிவித்தார். கூட்டம் என்றால் மனைவியும் மகளும்.

"முதல் ஜாடி முருகனுக்கு. நேர்ந்துக்கினு கீறேன். கிருத்திகை அன்னிக்கி மலையடிவாரத்துல முதல் படியில வெச்சிக் காட்டிட்டுத்தான் மனுஷன் வாயில படணும். அது வரைக்கும் யாரும் நாக்குல வெக்கக் கூடாது. சொட்டு கூட."

"உப்பு ஒறப்பு பாக்காம எப்பிடிங்க?"

"சாமிக்குப் பண்றத ருசி பாத்துட்டா படைப்பே? பொங்கலப் பாக்கறியா நீ?"

பொங்கலை அவள் ருசி பார்ப்பதில்லைதான்.

அவளுக்கும் ஒரு பழக்கம் உண்டு. ஊறுகாய்க்கு வேண்டிய கல்லுப்பை வறுத்துப் பொடித்து, அளந்து, பித்தளைக் கிண்ணத்தில் போட்டு, சாமி மாடத்தில் ஒரு பொழுது வைத்துவிட்டுத்தான் எடுப்பாள். மறுநாளும் காலையில் குளித்துவிட்டு அளந்து வைத்தாள். கிண்ணம் நிறைய, கோபுரமாக.

பிறகு பின்கட்டு வாசலில் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். யாராவது பார்த்துவிட்டு நாளைக்கு, அம்மாதான் போட்டாள் என்று சொல்லிவிடக் கூடாது.

"பழம் நல்லா மசியட்டும். ஆங், அப்பிடித்தான். அடி பிடிக்கும், கிளறு. கண்ணத் துடைக்காத, கையில காரம் கீது."

"தெரியும்மா."

"புளியக் கரைச்சி ஊத்து. எண்ண மேல வரணும்."

வெயிலும் விறகுப் புகையும் வாணலியின் ஆவியும் சேர்ந்து தேவிப்பிரியாவின் முகம் பழத்தின் நிறத்துக்கு வந்துவிட்டது. தொக்கு கொதித்துத் தெறித்து முழங்கையில் பட்டது. அவள் கையை உதறவில்லை. மாதக்கணக்கில் எதையும் தொடாமல் வைத்திருந்த கை. மரக்கரண்டியை அது விடுவதாக இல்லை.

அப்போது கொட்டகையிலிருந்து ஆள் வந்தான். தார் தீர்ந்து தறி நிற்கிறதாம், முதலாளி கத்துகிறாராம்.

"எறக்கறதுக்கு முன்னாடி உப்பு. சாமி மாடத்துல கிண்ணத்துல அளந்து வெச்சிகீறன். கீறது மொத்தத்தையும் கொட்டிடு. உன் கையாலயே கொட்டு," என்று சொல்லிவிட்டுப் பத்மா ஓடினாள்.

தேவிப்பிரியா கிண்ணத்தை எடுத்தாள். இருந்தது மொத்தத்தையும் கொட்டினாள். கிளறினாள். இறக்கினாள். ஆறவைத்து, ஜாடிகளில் நிரப்பி, மேலே எண்ணெய் ஊற்றினாள். சாமிநாதன் வந்து நான்கு மூடிகளையும் தாமே பூட்டினார். டக், டக், டக், டக். அதில் மட்டும் யார் கையும் சேரலாம் என்று அவருக்கு ஓர் அபிப்பிராயம்.

*

ஜாடிகள் கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில் வரிசையாக நின்றன. சாமிநாதன் தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். ரப்பர் வளையத்தின் பெருமையை விளக்கினார். வந்தவர்கள் அழகாக இருக்கிறது என்றார்கள். பக்கத்து வீட்டுக் குப்பம்மாள் மட்டும் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தாள்.

"இன்னாண்ணா, உள்ள முட்ட முட்டயா வருது?"

"மூச்சு விடுதும்மா. உயிருள்ள உணவு. கடையில விக்கிறதெல்லாம் பொணம்."

மறுநாள் குமிழி முட்டைகள் கூடின. அதற்கு மறுநாள் தொக்கு எண்ணெயைத் தள்ளிக்கொண்டு மேலே ஏறியது. ரப்பர் வளையத்தின் இடுக்கில் எண்ணெய் கசிந்து டிவி மேசையில் வழிந்தது. பகலில் வீடு அமைதியாக இருக்கும்போது ஒரு ஜாடி 'உஸ்' என்றது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் வேறு பக்கம் பார்த்தார்கள்.

"சூடுதான் காரணம்," என்றார் சாமிநாதன். "ஆடி வந்தா குளுந்துடும்."

ஆடி வந்தது. கூடத்தில் கள்ளுக்கடை வாசனையும் வந்தது.

தேவிப்பிரியா குடத்தில் தண்ணீர் மொள்வதை நிறுத்தினாள். தாகம் எடுத்தால், "அம்மா, கொஞ்சம் ஊத்து," என்று கைகுவித்துக் கேட்டாள். கறிவேப்பிலைச் செடியிலிருந்து இலை பறிப்பதில்லை. சாமி மாடத்தில் விளக்கு ஏற்றுவதில்லை. சோற்றைக் கரண்டியால் சாப்பிட்டாள். பத்மா அதைப் பார்த்துவிட்டுத் தட்டைப் பிடுங்கினாள்.

"இன்னாடி பண்ற நீ?"

"அத்த சொன்னது நெஜந்தாம்மா. நானே போட்டன். நீ தொடல, நைனா தொடல. வேற யாரு மேல சொல்றது?"

"வாய மூடு."

"மூடிகினுதான் கீறன். கையத்தான் இன்னா பண்றதுன்னு தெரியல."

பத்மா அன்று முழுக்கத் தறிக்கொட்டகையில் தார் சுற்றிக்கொண்டு அழுதாள். தறிச் சத்தத்தில் அழுவது வசதி. யாருக்கும் கேட்காது.

*

கிருத்திகைக்கு முந்தின நாள் சாலை முழுக்கக் காவடிகள். ஆர்.கே.பேட்டைப் பக்கமிருந்தும் சித்தூர்ப் பக்கமிருந்தும் பூக்காவடிகள் போய்க்கொண்டிருந்தன. மேளச் சத்தத்தில் ஜன்னல் அதிர்ந்தது. ஜாடிகளும் அதிர்ந்தன. சாமிநாதன் வெள்ளை வேட்டியைக் கஞ்சி போட்டுக் காயவைத்துக்கொண்டிருந்தார்.

பத்மா கூடத்துக்கு வந்து கடைசி ஜாடியின் கொக்கியைத் தூக்கினாள். மூடி அவள் கையை விட்டுத் தெறித்தது. நுரையும் எண்ணெயும் சுவரில் அடித்தன. அவள் ஆள்காட்டி விரலை உள்ளே விட்டு, வழித்து, நாக்கில் வைத்தாள்.

"ஏய்! நேர்ச்ச!" என்று ஓடிவந்தார் சாமிநாதன்.

பத்மா கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். மறுபடி வழித்தாள். மறுபடி நாக்கில் வைத்தாள்.

"உப்பில்ல," என்றாள்.

"புளிப்புல தெரியாது."

"நான் இருவது வருஷமா போடறன். உப்பில்ல. தேவி! இங்க வா! கிண்ணத்துல எவ்ளோ உப்பு இருந்திச்சி?"

தேவிப்பிரியா வாசற்படியிலேயே நின்று சொன்னாள்: "அடியில. ஒரு கை வரும். அவ்ளோதான் இருந்திச்சி. மொத்தத்தையும் கொட்டிட்டன்."

"கோபுரமா வெச்சனேடி!"

மூவரும் சாமி மாடத்தைப் பார்த்தார்கள். பிறகு இருவர் மூன்றாமவரைப் பார்த்தார்கள்.

சாமிநாதன் தொண்டையைச் செருமினார். "அன்னிக்கி ஆடு மாடு மாதிரி நீங்க ரெண்டு பேரும் அடுப்பண்ட நின்னுகினு இருந்தீங்க. குடும்பத்துக்கு யாராச்சும் வேண்டிக்கணும் இல்ல? கெங்கையம்மன் கோயில் பலிபீடத்துல உப்பு மிளகு கொட்டினா வந்த கெட்டது போவும்னு எல்லாருக்கும் தெரியும். சாமி மாடத்துல உப்பு வெச்சிருந்தா அது எதுக்குன்னு நெனைக்கறது? கோயிலுக்குன்னுதான் எடுத்துகினு போனேன். மொத்தமா எடுக்கல. உப்புக் கிண்ணத்தக் காலி பண்ணக் கூடாதுன்னு கொஞ்சம் வெச்சிட்டுத்தான் போனேன்."

"இன்னான்னு வேண்டிகினீங்க?"

அவர் வேட்டி மடிப்பைத் தடவினார்.

"ஊறுகா கெடக் கூடாதுன்னு," என்றார்.

முதலில் சிரித்தது தேவிப்பிரியாதான். வாயைப் பொத்திக்கொண்டு, பிறகு பொத்த முடியாமல், வாசற்படியில் உட்கார்ந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. அந்தக் கண்ணை அவள் தன் கையாலேயே துடைத்துக்கொண்டாள். எழுந்து போய்க் குடத்தில் தானே தண்ணீர் மொண்டு குடித்தாள். பத்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

தோட்டத்தில் பழம் இல்லை, காய்ப்பு ஓய்ந்துவிட்டது. கெட்டதைத் திரும்பக் கொதிக்கவைத்து உப்புப் போட்டுப் பார்த்தார்கள், அது இன்னும் மோசமாக நாறியது.

"கடையில வாங்கி நெரப்பிடலாமா?" என்றாள் பத்மா, மெதுவாக.

"வேணாம்மா. அப்புறம் ஒவ்வொரு வருஷமும் திருட்டுத்தனமா கடைக்கிப் போகணும். உப்பு போடல, அவ்ளோதான? நடந்தத சொல்லிடலாம். கைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லியே."

"சொல்லித்தான் ஆவணுமா?" என்றார் சாமிநாதன். "சம்பந்தி முன்னாடி, ஒரு துணைத்தலைவர்..."

பத்மா அவரைப் பார்த்த பார்வையில் அவர் பேச்சை முடிக்கவில்லை. தேவிப்பிரியா தன் துணிகளைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினாள்.

*

கிருத்திகை அன்று மத்தியானம் லோடு ஆட்டோ வந்து நின்றது. கௌரியம்மாள் மொட்டைத் தலையில் சந்தனமும் நெற்றி நிறைய விபூதியுமாக இறங்கினாள். நவீன்குமார் செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து கூடத்தில் உட்கார்ந்தான். தேவிப்பிரியா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கிக் குடித்தான். மெலிஞ்சிட்டியே பாவா என்றாள். அவன் சொம்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சாப்பாடு முடிந்தது. வடை நன்றாக இருந்தது என்றாள் கௌரியம்மாள். பிறகு ஜாடிகளைப் பார்த்தாள். பார்க்க வேண்டியதே இல்லை, வாசனை சொல்லிவிட்டது.

"இன்னா வதினா இது?"

பத்மா சொன்னாள். ஒன்றையும் மறைக்காமல், அளந்ததிலிருந்து பலிபீடம் வரைக்கும். "உப்பு இல்லாம ஆரு போட்டாலும் நிக்காது வதினா. நீங்களே போட்டாலும் நிக்காது. உங்களுக்குத் தெரியாததா?"

கௌரியம்மாள் ஒரு ஜாடியைத் திறந்து, நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தாள்.

"நெஜந்தான். உப்பில்ல."

பத்மா மகளின் பெட்டியைப் பார்த்தாள்.

"அப்ப அம்மனே உப்ப வாங்கிகினா," என்றாள் கௌரியம்மாள். குரலில் பக்தி இருந்தது. "ஏன் வாங்கினா? இந்தப் பொண்ணு இப்ப அந்த வூட்டுக்கு வேணாம்னுதான?"

"எடுத்துகினு போனது அம்மன் இல்ல வதினா, இவரு!"

"இவர எடுக்க வெச்சது யாரு? ஊரு ஜனமெல்லாம் கீறப்போ, அன்னிக்கிப் பாத்து, அந்த உப்பப் பாத்து எடுக்கச் சொன்னது யாரு? அண்ணய்யா, நீங்க சொல்லுங்க. அன்னிக்கி உங்களுக்கு எப்பிடி அது தோணிச்சி?"

கூடத்தில் எல்லோரும் சாமிநாதனைப் பார்த்தார்கள். சாமிநாதன் வாழ்க்கையில் அத்தனை பேர் ஒன்றாக அவர் வாயைப் பார்த்து நீண்ட நாள் ஆகிவிட்டது. ஒரு பக்கம் அவர், உப்பு எது என்று தெரியாமல் எடுத்துக்கொண்டுபோன ஆள். இன்னொரு பக்கம், அம்மன் கண்டிகையிலேயே பொறுக்கி எடுத்த ஆள்.

"யோசிச்சிப் பாத்தா," என்றார் சாமிநாதன், "என் கால் தானாத்தான் போச்சி. யாரோ பின்னாடி இருந்து தள்ற மாதிரி..."

"நைனா!" என்றாள் தேவிப்பிரியா.

அவர் மகள் பக்கம் திரும்பவில்லை. "ஒரு வகையில பாத்தா..." என்று தொடங்கி, அந்த வகை எது என்று தெரியாமல் நிறுத்திக்கொண்டார்.

"பாத்தீங்களா," என்றாள் கௌரியம்மாள். "தை பொறக்கட்டும். வேற எதனா போட்டுப் பாக்கட்டும். நெல்லிக்கா போடுங்க, சீக்கிரம் கெடாது."

தேவிப்பிரியா போய்ப் புருஷன் எதிரில் நின்றாள். பெட்டி அவளுக்குப் பின்னால், கட்டின கயிற்றோடு இருந்தது.

"பாவா. நீ ஒரு வார்த்த சொல்லு. கையா, உப்பா?"

நவீன்குமார் ஆட்டோ சாவியை விரலில் சுற்றினான். அம்மாவைப் பார்த்தான். வெளியே ஒரு காவடி போயிற்று, அதைப் பார்த்தான். காவடி தெருக்கோடி திரும்பி மறைகிற வரைக்கும் பார்த்தான். பிறகு பார்க்க ஒன்றும் இல்லாததால் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டான்.

தேவிப்பிரியா அங்கேயே நின்றாள். பத்மா வந்து அவள் கையைப் பிடித்தாள். அவள் கையை உருவிப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

கௌரியம்மாள் வாசற்படி வரைக்கும் போனவள் திரும்பினாள்.

"வதினா, தப்பா நெனச்சிக்காதீங்க. இந்தத் தொக்க கொட்டத்தான போறீங்க? ஜாடிய எனக்குக் குடுத்துடுங்க. பாக்க நல்லா கீது."

அன்று முழுவதும் பேசாத நவீன்குமார் அப்போது பேசினான்.

"நம்ம வூட்டு ஜாடி வாயில விரிசல் வுட்டுச்சி மாமா. கண்ணாலத்துக்கு முன்னாடியே. மழ வந்தா தண்ணி எறங்கும். இது காத்துப் பூராதுன்னு சொன்னீங்க இல்ல?"

"பூராது," என்றார் சாமிநாதன்.

அவர் தொக்கைக் கிணற்றடியில் கொட்டி, நான்கு ஜாடிகளையும் கழுவித் துடைத்து, ரப்பர் வளையங்களைத் தனியாகப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தார்.